செஸ் ஒலிம்பிக்கில் சேருமா? பட்டிமன்றத்துக்கு உறுதியான தகவல் வேண்டும்

பசுமலை_பிடிசார்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம். "சதுரங்கத்தை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா" என்பது தலைப்பு. வேண்டும் என்று செஸ் பிள்ளைகள், வேண்டாம் என்று கபடி டீம். செஸ் பக்கம் இதுவரை சேர்த்து வைத்திருக்கும் பாயின்ட் நான்கு: மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடந்துவிட்டது, செஸ் ஆடினால் ஒரு நாளைக்கு 6000 கலோரி செலவாகும், ஆசிய விளையாட்டில் செஸ் இருக்கிறது, அதனால் ஒலிம்பிக்கிலும் இருக்க வேண்டும், வெயில் கால ஒலிம்பிக்கில் இடமில்லையென்றால் குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கலாம். இதில் எது மேடையில் நிற்கும், எது விழும்?

கூடவே பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று: ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்கு வாங்கிய சான்றிதழ் வேலைக்கு, காலேஜுக்குச் செல்லுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செல்லூர்_ஆர்பிட்டர்:

சார், உங்கள் நான்கில் ஒன்றுகூட இப்போதிருக்கும் வடிவில் நிற்காது. எதிரணி கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

முதலில் மாமல்லபுரம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அங்கே நடந்தது 44-வது செஸ் ஒலிம்பியாட். அது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் அணிப் போட்டி. 1927-இல் லண்டனில் தொடங்கியது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2024-இல் புடாபெஸ்டில் நம் ஓபன் அணி, மகளிர் அணி இரண்டும் தங்கம் வாங்கியது ஒலிம்பியாட் தங்கம், ஒலிம்பிக் தங்கம் அல்ல. இதை முதல் நிமிடத்திலேயே நாமே சொல்லிவிட்டால் எதிரணிக்கு ஒரு ஆயுதம் குறையும்.

அடுத்து, கமிட்டி ஒரு விளையாட்டை அங்கீகரிப்பது வேறு, போட்டிப் பட்டியலில் சேர்ப்பது வேறு. ஃபிடே 1924-இல் பாரிஸில் தொடங்கியது, அதே ஊரில் ஒலிம்பிக் நடந்த அதே கோடையில். ஒலிம்பிக் கமிட்டி அதை அங்கீகரித்தது 1999-இல்தான். அதற்கு அடுத்த வருடம் சிட்னி ஒலிம்பிக்கின்போது ஆனந்தும் ஷிரோவும் கண்காட்சி ஆட்டம் ஆடினார்கள். பதக்கம் கிடையாது. 2002-இல் கமிட்டியின் போட்டிப் பட்டியல் குழு, மூளை விளையாட்டுகள் அவற்றின் இயல்பிலேயே பட்டியலுக்குத் தகுதியற்றவை என்று அறிக்கை கொடுத்தது. உங்கள் எதிரணிக்குக் கிடைக்கக்கூடிய பலமான ஆவணம் அதுதான், எனவே பதில் தயாராக இருக்கட்டும். 2019-இல் ரேபிட், பிளிட்ஸ் என்ற குறைந்த நேர வேக ஆட்ட வடிவில் பாரிஸ் 2024-க்கு ஃபிடே முயன்றது. பாரிஸ் எடுத்துக்கொண்டது பிரேக்கிங் நடனம், சுவர் ஏறுதல், ஸ்கேட்போர்டு, அலைச்சறுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 கிரிக்கெட், ஸ்குவாஷ், லக்ரோஸ், பேஸ்பால்-சாஃப்ட்பால், ஃபிளாக் ஃபுட்பால் ஆகியவற்றை எடுத்தது. செஸ் இல்லை.

குளிர்கால யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். பனி அல்லது பனிக்கட்டி மேல் ஆடுவதுதான் குளிர்கால விளையாட்டு என்று ஒலிம்பிக் சாசனத்திலேயே இருக்கிறது.

ஆசிய விளையாட்டிலும் செஸ் நிரந்தரமாக இருந்ததில்லை. 2006 தோஹா, 2010 குவாங்சூ, அப்புறம் 2023-இல் நடந்த ஹாங்சோ. நடுவில் 2014, 2018 இரண்டிலும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் 2018 ஜகார்த்தாவில் சீட்டு விளையாட்டான பிரிட்ஜ் இருந்தது, இந்தியா அதில் தங்கமும் வாங்கியது, ஆனால் செஸ் இல்லை. நடத்தும் நாட்டின் விருப்பம்தான் அங்கே பேசும்.

மேலூர்_தடகளம்:

ஆர்பிட்டர் அண்ணே வரலாறு சொல்லிட்டாரு. நான் எதிரணி பக்கம் பேசுறேன், கபடிப் பயலுகளுக்கும் ஆள் வேணும்ல.

அந்த 6000 கலோரி கதையை வாட்சப்புல எல்லாப் பயலும் அனுப்புறாய்ங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. முழு மாரத்தான், 42 கிலோமீட்டர் ஓடி முடிக்க ஒருத்தனுக்கு ஏறக்குறைய 2500-லிருந்து 3000 கலோரி. அப்ப 6000-ன்னா தினம் ரெண்டு மாரத்தான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள்காரன் மலை ஏறுற நாள்ல செலவழிக்கிற அளவு அது. நாற்காலியில உக்காந்து யோசிச்சா மணிக்கு நூறைத் தாண்டுறதே கஷ்டம். டென்ஷன்ல நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்க்கும், சரி. இதயத் துடிப்பு ஏறுனா கலோரி அதே கணக்குல ஏறாது, ஏன்னா தசை வேலை செய்யல. மேடையில இந்த நம்பரைச் சொன்னீங்கன்னா ஒரு பயாலஜி டீச்சர் எந்திரிச்சாப் போதும்.

எதிரணி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: முடிவைத் தீர்மானிக்கிறது உடம்பா? துப்பாக்கி சுடுறவங்களும் ஓடல, ஆடல. ஆனா 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல 60 குண்டை 75 நிமிஷத்துல சுடணும், கை ஒரு மில்லிமீட்டர் ஆடுனா பாயின்ட் போச்சு. அதை வேற ஆள் செய்ய முடியாது. செஸ்ல "குதிரையை எஃப் 5-ல வை"ன்னு வாயால சொன்னாப் போதும், யார் எடுத்து வச்சாலும் ஆட்டம் அதே ஆட்டம். பார்வையில்லாதவங்களுக்கு உதவியாளர் வச்சுக்க ஃபிடே சட்டமே இடம் கொடுக்குது. நல்ல விஷயந்தான், ஆனா அதுவே காட்டுது, கை அங்க வெறும் கருவி. கலோரியை விட்டுட்டு இந்தக் கேள்வியைப் பிடிங்க.

அண்ணாநகர்_செஸ்கோச்:

மேலூர் சார் கலோரி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பிள்ளைகளிடமிருந்து அந்த வரியைப் பிடுங்கிவிடுங்கள் சார்.

"கை வெறும் கருவி" என்பது பல மணி நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். ஒலிம்பிக்குக்குக் கேட்கப்பட்டது ரேபிட், பிளிட்ஸ். பிளிட்ஸில் ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 நொடி கூடும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். காய் சாய்ந்தால் நம் நேரத்தில் நாம்தான் நிமிர்த்த வேண்டும். விதிமீறிய நகர்த்தலைச் செய்து கடிகாரத்தை அமுக்கிவிட்டால் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதல், இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். கடைசிப் பத்து நொடியில் ராணியும் யானையும் கையில் வைத்துக்கொண்டு தோற்பவர்கள் நிறையப் பேர், யோசனை வராமல் அல்ல, கை வராமல். ஆனாலும் இதை மிகைப்படுத்த வேண்டாம். கை வேகம் ஆட்டத்தின் ஓரம்தான், நடு அல்ல. நீதிபதியாக உட்காரும் தமிழாசிரியர்கூட அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

உடல் தாங்குதிறனுக்கு நல்ல சான்று கலோரி அல்ல, 1984-85 மாஸ்கோ. உலகச் சாம்பியன் பட்டத்துக்காகக் கார்போவும் காஸ்பரோவும் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை 48 ஆட்டம் ஆடினார்கள், அதில் 40 டிரா. 5-3 என்று கார்போவ் முன்னணியில் இருந்தபோதே ஃபிடே தலைவர் போட்டியை முடிவில்லாமல் நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். முதலில் ஆறு வெற்றி எடுப்பவருக்கே பட்டம், ஆட்ட எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்ற விதி அதோடு போனது. உட்கார்ந்து ஆடும் ஆட்டமும் உடம்பை உருக்கும் என்பதற்கு இதைச் சொல்லலாம்.

2002 அறிக்கைக்குப் பதில் கேட்டால் இப்படிக் கொடுங்கள். ஒலிம்பிக் எப்போதுமே உடம்பை மட்டும் அளந்ததில்லை: 1912 முதல் 1948 வரை கவிதை, இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலைக்கெல்லாம் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டாவது, உடல் உழைப்புதான் அளவுகோல் என்றால் கபடி எப்போதோ உள்ளே போயிருக்க வேண்டும். 1990 முதல் ஆசிய விளையாட்டில் இருக்கிறது, இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. ஸ்குவாஷ் ஆடினால் நாக்குத் தள்ளும், அதற்கே 2028 வரை கதவு திறக்கவில்லை. எதிரணி முழுக்கக் கபடிப் பிள்ளைகள் என்பதால் இந்த வாதம் அவர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

செல்லூர்_ஆர்பிட்டர்:

கோச் மேடம் சொன்னதையே பிடித்துக்கொள்கிறேன். செஸ் விளையாட்டா இல்லையா என்ற சண்டையில் பாதி நேரம் போய்விடும். உண்மையான முட்டுக்கட்டை நடத்தும் முறையில் இருக்கிறது. யாரும் அதைப் பேசுவதில்லை.

கோடை ஒலிம்பிக்குக்குச் சாசனம் வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய 10,500 வீரர்கள். செஸ் ஒலிம்பியாட் ஓபன் பிரிவில் மட்டும் 180-க்கு மேல் அணிகள், அணிக்கு 5 பேர், அதுவே 900 பேர். மகளிரையும் சேர்த்தால் ஒலிம்பிக்கின் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதனால் அணிப் போட்டி அப்படியே போக வாய்ப்பில்லை. புதிய விளையாட்டுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதைப் பாரிஸில் பார்த்தோம்: பிரேக்கிங் 32 பேர், அலைச்சறுக்கு 48, சுவர் ஏறுதல் 68, ஸ்கேட்போர்டு 88. செஸ்ஸுக்கு 32 ஆண், 32 பெண் என்று வைத்துக்கொள்வோம். பல நாட்டுக்கு இடம் வேண்டுமென்பதால் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் இரண்டு பேருக்கு மேல் விடமாட்டார்கள். குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி மூவரில் ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும். இந்திய ரசிகர் இதற்குத் தயாரா என்று எதிரணி கேட்கலாம், நியாயமான கேள்வி.

நேரக் கணக்கு. ரேபிட்டில் 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 நொடி. 60 நகர்த்தல் வந்தால் ஆளுக்கு 25 நிமிடம், ஆட்டம் 50 நிமிடம். 100 நகர்த்தல் போனால் 63 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 75 நிமிடம் ஒதுக்கினால் போதும். 32 பேருக்கு ஸ்விஸ் முறையில் (தோற்றாலும் வெளியேறாமல், ஏறக்குறைய அதே புள்ளியில் இருப்பவரோடு அடுத்த சுற்று ஆடுவது) 7 சுற்று, முதல் நாள் 4, மறுநாள் 3. அதில் முதல் 8 பேர் நாக்-அவுட்டுக்கு. மூன்றாம் நாள் காலிறுதி, அரையிறுதி. நான்காம் நாள் வெண்கலமும் தங்கமும். ஆண், பெண் இரண்டையும் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் வைத்தால் 32 போர்டு. ரேபிட்டில் ஒரு ஆர்பிட்டர், அதாவது செஸ் நடுவர், அதிகபட்சம் மூன்று ஆட்டம் பார்த்தால்தான் போட்டி விதிகள் முழுதாகச் செல்லும், எனவே குறைந்தது 11 பேர் தரையில் வேண்டும், தலைமை ஆர்பிட்டர் தனி. சமநிலையை முறிக்கும் டை-பிரேக் பிளிட்ஸுக்கு ஆட்டத்துக்கு ஒருவர். ஹால், மேசை, கடிகாரம், வலை இணைப்பு; குதிரையேற்றத்துக்கோ படகோட்டத்துக்கோ ஆகும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. "வேண்டும்" அணிக்கு இது பலமான பாயின்ட்.

எங்கே கெடும்? ஏழாவது சுற்று முடிந்ததும் எட்டாவது இடத்துக்கு நாலைந்து பேர் ஒரே புள்ளியில் நிற்பார்கள். புக்ஹோல்ஸ் பார்த்து ஒருவரை எடுப்போம், அதாவது நாம் ஆடிய எதிராளிகள் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் கூட்டல். தான் ஆடி முடித்த பிறகு, வேறு மேசையில் வேறு யாரோ தோற்றதால் வெளியே போகிறோம் என்பதை டிவி பார்க்கும் மனிதருக்கு விளக்கிப் பாருங்கள். அதனால் எட்டாவது இடத்துக்கு மட்டும் பிளிட்ஸ் பிளே-ஆஃப் வைப்பது நல்லது, ஒரு மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

டிரா அதைவிடப் பெரிய தலைவலி. 2018 லண்டன் உலகப் போட்டியில் கார்ல்சன், கருவானா ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா, ரேபிட்டில்தான் 3-0 என்று முடிந்தது. 30 நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்று விதி போடலாம். ஆனால் ஒரே நிலையை மூன்று முறை கொண்டுவந்தால் டிரா கேட்கும் உரிமையைப் பறிக்க முடியாது, தெரிந்தவர்கள் 20 நகர்த்தலுக்குள் அதைச் செய்துவிடுவார்கள். 2024 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் உலக பிளிட்ஸ் இறுதியில் 3.5-3.5 என்று நின்றதும் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், பெரிய சர்ச்சையானது. எதிரணி இதை எடுத்தால் டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் பார்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்ததைச் சொல்லி வாயை அடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் அப்படி நடந்தால் தாங்காது, திடீர் முடிவு ஆட்டம் விதியில் இருந்தே ஆக வேண்டும். வெள்ளைக்குக் கூடுதல் நேரம், டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி என்ற ஆர்மகெடான் அதற்குத்தான்.

கடைசியாக மோசடி. சாதாரணக் கைபேசியில் ஓடும் செஸ் மென்பொருளான எஞ்சினே உலகச் சாம்பியனை வெல்லும். மெட்டல் டிடெக்டர், பார்வையாளரைக் கைபேசி இல்லாமல் உட்காரவைப்பது, நகர்த்தல்களை 15 நிமிடம் தாமதமாக வெளியிடுவது எல்லாம் பெரிய கிளாசிக்கல் போட்டிகளில் பழகியவை. ஆடும் இடத்தில் ஆட்டக்காரரிடம் கைபேசி இருப்பது தெரிந்தாலே ஆட்டம் போச்சு. ஆனால் ஒலிம்பிக் நேரலையில்தான் காசு பார்க்கிறது. 15 நிமிடத் தாமதமும் நேரலையும் ஒத்துப்போகாது. பிளிட்ஸ் ஆட்டம் அதற்குள் முடிந்தேவிடும்.

திருமங்கலத்தான்:

சான்றிதழ் கேள்விக்கு நான். மத்திய அரசுப் பணி விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் செஸ் பல காலமாக இருக்கிறது, ஒலிம்பிக் அங்கே நிபந்தனையே இல்லை. இந்தியா செஸ்ஸை விளையாட்டாக மதித்தது ஒலிம்பிக் கமிட்டிக்கு வெகு முன்பே. மானுவல் ஆரோனுக்கு 1961-இலேயே அர்ஜுனா விருது, கேல் ரத்னாவை முதன்முதலில் வாங்கியதே ஆனந்த்.

பெற்றோர் தவறவிடுவது எந்தச் சான்றிதழ் என்பதில். கேட்பது நான்கு படிவம்: நாட்டுக்கு ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, மாநிலப் பள்ளி அணியில் தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போயிருந்தால் 4. கல்யாண மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓபன், ரேட்டிங் போட்டிகளில் வாங்கிய கோப்பை அலமாரி நிறைய இருந்தாலும் இதில் எதிலும் சேராது. ரேட்டிங்குக்கு அவை வேண்டும், வேலைக்கு அல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் செலவில்லாத வழி குறுவட்டம், மாவட்டம், மாநிலம், அங்கிருந்து தேசியப் பள்ளி விளையாட்டு. தனிக் கட்டணம் கட்டிச் சிறப்பு நுழைவில் தேசியப் போட்டி ஆடுகிறவர்கள், அதற்குப் படிவம் 2 கிடைக்குமா என்று சங்கத்திடம் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநில அரசு வேலை, கலந்தாய்வு என்றால் அந்தந்த அறிவிக்கையின் விளையாட்டுப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

பணம் பற்றியும் மேடையில் கேட்பார்கள். ஒலிம்பிக் தங்கத்துக்குத் தமிழக அரசு அறிவித்திருப்பது 3 கோடி. குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனதும் கொடுத்தது 5 கோடி.

பசுமலை_பிடிசார்:

அனைவருக்கும் நன்றி. கலோரியும் குளிர்காலமும் வெட்டியாச்சு. இரண்டு சின்ன கேள்வி. ஊக்கமருந்து சோதனை செஸ்ஸுக்கு உண்டா? பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்புறம், மேடையிலேயே ஒரு பிளிட்ஸ் ஆட்டம் காட்டலாமா?

அண்ணாநகர்_செஸ்கோச்:

உண்டு சார். ஒலிம்பிக் அங்கீகாரத்துக்காகவே ஃபிடே ஊக்கமருந்து விதிகளை ஏற்றுக்கொண்டது. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடில் கடைசிச் சுற்றில் தோற்ற உக்ரைன் ஆட்டக்காரர் இவான்சுக், சோதனைக்குச் சிறுநீர் மாதிரி கொடுக்காமல் போனது பெரிய விவகாரமாகி, பிறகு அவர் மேல் தவறில்லை என்று முடித்தார்கள். ஆம்ஃபெட்டமின், மோடஃபினில் போன்ற விழிப்பூட்டும் மருந்துகள் போட்டியின்போது தடை. காபிக்குத் தடை இல்லை, 2004-இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெரியாமல் மாட்ட வாய்ப்பிருப்பது சளி மாத்திரையில்: சூடோஎஃபெட்ரின் கலந்தவை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போட்டி நாளில் தவறு. அட்டையின் பின்பக்கம் பெயரைப் பார்க்கப் பழக்குங்கள்.

செல்லூர்_ஆர்பிட்டர்:

பிளிட்ஸ் தாராளமாகக் காட்டுங்கள், 3+2 ஆட்டம் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரம் தொடக்கத்தில் 3:02 என்று காட்டுகிறதா பாருங்கள். 3:00 என்றே நின்றால் கூடுதல் நொடி ஏறாத மோடில் இருக்கிறது, பாதியில் சண்டை வரும். ராஜா 9.5 சென்டிமீட்டர் உயரம், அடியில் எடை வைத்த காய்கள், கட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத போர்டு. எடையில்லாத பிளாஸ்டிக் காய் வைத்தால் பாதி நேரம் நிமிர்த்துவதிலேயே போகும். சுருட்டி வைத்த வினைல் போர்டை முந்தைய இரவே எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வையுங்கள், ஓரம் தூக்காது. கைபேசியை ஸ்டாண்டில் போர்டுக்கு நேர் மேலே மாட்டி புரொஜெக்டருக்கு விடுங்கள், ஃபிளைட் மோடில் போட்டு ஒயரில் இணையுங்கள், இல்லையென்றால் நடுவில் கால் வரும். பார்வையாளர் பக்கம் திரை இருப்பதால் "சார், யானை!" என்று யாராவது கத்துவார்கள், ஆடுகிற இருவரையும் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, கத்தினால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடிகாரம் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். கபடி டீமிலிருந்தே ஒருவரை அந்த வேலைக்குப் போடுங்கள், கை எந்தப் பக்கம் அமுக்குகிறது என்று பார்க்க அவர்களுக்குக் கண் நன்றாகவே வரும்.